செவி சாய்த்தவள்

நாலாம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவே
என் நாற்காலி.
உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.
இதையும் ஒரு படைப்பு என்று எண்ணி
இரண்டு பேர் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நாலாம் அறையில் பழையவை.
மூக்கு நீண்ட பிஷப். சாம்பல் குதிரை.
போர்த்தோவின் திராட்சை ரச வணிகர் ஒருவரின் ஏழு பிள்ளைகள்
(இருவர் செத்தபிறகு வரையப்பட்டவர்கள்;
அவர்கள் கையில் மட்டும் பழம் இல்லை).
மூலையில் அவள்.
பெயர் அறியப்படாத பெண். சுமார் 1780.
துணியில் எண்ணெய் வண்ணம்.
கழுத்தை இடப்பக்கம் திருப்பி,
உதடு பிரிந்தும் பிரியாமல்,
எதற்கோ செவி சாய்த்தபடி.

எதற்கு என்பதில்
இரண்டு பேராசிரியர்களுக்கு இருபது வருடச் சண்டை.
காதலன் என்றார் ஒருவர்.
வானதூதன் என்றார் மற்றவர்.
சட்டகம் துடைக்கும் இடலினா சொன்னாள்:
"அடுப்பில் பால் பொங்கியிருக்கும்."

ஐந்தாம் அறையில் புதியது.
வெள்ளைச் சுவர், நாலு ஒலிபெருக்கி,
அவ்வளவுதான்.
மத்தோசின்யோஷ் மீன் ஆலையின் சங்கு.
படகு கரை தொட்டதும்
நடுச்சாமமோ விடிகாலையோ பார்க்காமல் ஊதி
பெண்களைப் படுக்கையிலிருந்து உருவிய சங்கு.
நாளுக்கு ஒரு முறை,
கணினிக்குத் தோன்றும் நேரத்தில் ஊதும்.
காவலாளிக்கும் சொல்லக் கூடாது என்பது
கலைஞரின் நிபந்தனை.
மார்ச் முதல் மூன்று முறை
சட்டையில் காபி.

முதல் தடவை ஊதியபோது
பதறிப்போய் அவளைப் பார்த்தேன்.
அவளும் சங்கின் பக்கம் திரும்பியிருந்தாள்.
இருநூற்று நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறாள்,
தெரியாதா எனக்கு?
ஆனாலும் அன்றைக்குத்தான்
காரணம் வந்து சேர்ந்தது போல் இருந்தது.

போன வியாழன் நல்ல மழை.
பேருந்துக் கூட்டத்தோடு ஒதுங்கினாள் டியோலிண்டா.
ஈரக்குடையை வாசலில் விடமாட்டேன் என்று
ஒரே பிடிவாதம். விட்டுக்கொடுத்தேன்.
அப்போது பார்த்துச் சங்கு ஊதியது.
கூட்டம் காதைப் பொத்திச் சிரித்தது.
அவள் மட்டும் அசையாமல்,
விரல் மடக்கி எண்ணிக்கொண்டு.

"இது எங்கள் சங்கு இல்லை.
எதிர் ஆலைக்காரனுடையது.
இதற்கு நான் புரண்டு படுத்திருப்பேன்.
எங்களுடையது குறில், குறில், நெடில்."

நினைவுகளைத் தட்டி எழுப்பும் ஒலி
என்று கையேட்டில் இருக்கிறதே,
ஏக்கமாக இல்லையா என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"பிந்தி வந்தவளுக்குக் கதவைச் சாத்துவார்கள்.
செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன்,
பிள்ளை வாயிலிருந்து மார்பைப் பிடுங்கிக்கொண்டு.
ஏக்கமாம்."

பிறகு நாலாம் அறைக்குள் போனாள்.
பிஷப்பை மதிக்கவில்லை. குதிரையையும்.
மூலைக்குப் போய் நின்று
அந்த முகத்தைப் பார்த்தாள்,
முகம் பார்த்த சுவரைப் பார்த்தாள்,
பிறகு மெதுவாக:
"பாவம், இவளும் எண்ணுகிறாள்.
நம்மைத்தானா,
அடுத்த வீட்டுக்காரியையா என்று."

நான் வாய் திறக்குமுன்
உள்ளங்கைகளைக் குவித்து ஊதிவிட்டாள்.
ஊ. ஊ. ஊஊஊஊ.
கண்ணாடிப் பேழைக்குள் வெள்ளிக் கிண்ணம் அதிர்ந்தது.
கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.
அவளே தன் சத்தத்துக்குத் திடுக்கிட்டவள் போல்
தலையில் இல்லாத துணியை
இறுக்கி முடிந்துகொண்டாள்.
பேருந்து கிளம்புகிறது என்றார்கள். போய்விட்டாள்.

கலைஞருக்கு எழுதியிருக்கிறோம்,
ஆலை தவறு என்று.
பெர்லினிலிருந்து இன்னும் பதில் இல்லை.
நவம்பரில் ஒலிபெருக்கிகளைக் கழற்றுவார்கள்;
அடுத்து வருவது கண்ணாடிப் பறவைகளாம்,
சத்தம் போடாதவை.

பதிவேட்டில் எழுதினேன்:
பிற்பகல் 3.40. பார்வையாளர் ஒருவர் ஒலி எழுப்பினார்.
படைப்புகளில் மாற்றம் எதுவும் இல்லை.
கடைசி வரியை அடித்தேன்.
வேறு வரி கிடைக்காமல்
அதையே திரும்ப எழுதினேன்.

அவள் நின்ற இடத்தில்
குடையிலிருந்து வடிந்த தண்ணீர்.
வழுக்கும் என்று மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து வைத்தேன்.
ஒருவர் வந்து,
இரண்டடி பின்னால் நகர்ந்து,
தலையைச் சாய்த்து
படம் எடுத்துக்கொண்டார்.