கோப முகத்தில் ஒரு க்ளிப்

மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுச் சுவரில்
ஆறு முகங்கள் ஒட்டியிருக்கிறேன்,
பயிற்சியில் கொடுத்த அட்டை.
சிரிப்பு, அழுகை, பயம், கோபம், வெட்கம்.
ஆறாவது என்னவென்று எனக்கே தெரியாது,
வாய் மட்டும் கோணியிருக்கிறது.
"பல்வலி மிஸ்" என்றாள் ஜெனிட்டா.
அப்படியே வைத்துக்கொண்டோம்.

துணி க்ளிப் மூன்று டஜன்,
வண்ணாரப்பேட்டையில் வாங்கியது, பில் கிடையாது.
முப்பத்தொன்றில் முப்பத்தொரு பெயர்கள்,
ஐந்து மிச்சம்.
காலையில் வந்ததும்
அவரவர் மனசு எதுவோ
அந்த முகத்தில் மாட்ட வேண்டும்.

முதல் வாரம் உண்மை சொன்னார்கள்.
பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள்:
சிரிப்பில் மாட்டினால்
மிஸ் 'வெரிகுட்' என்கிறாள்.

இரண்டாம் வாரம்
பாரம் தாங்காமல் சிரிப்பு ஒருபக்கம் தொங்கியது.
அம்மா மூன்று மணிக்கே
காசிமேட்டு ஏலத்துக்குப் போய்விட
தம்பிக்குப் பொத்தான் போட்டு
இழுத்துக்கொண்டு வந்தவளும் சிரிப்பு.
ராத்திரி தண்ணி லாரியில்
இரண்டு தெருவும் அடித்துக்கொண்டதைப் பார்த்து
தூங்காமல் வந்த மொய்தீனும்
சிரிப்பு.

ரீகன் மட்டும் கோபம்.
திங்கள் கோபம். செவ்வாய் கோபம்.
புதனன்று கூப்பிட்டேன்.
பலூன் ஊதுகிற மாதிரி மூச்சு விடு,
பத்து வரைக்கும் எண்ணு.
ஏழில் ஒரு கன்டெய்னர் லாரி
ஜன்னலையெல்லாம் ஆட்டிவிட்டுப் போனது.
மறுபடி ஒன்றிலிருந்து
ஒழுங்காக எண்ணினான்.

வியாழன், ஹர்ஷிதாவின் ரப்பர் காணோம்.
என் கண்
நேராக அவனிடம் போனது.
பையைக் கொட்டு என்றேன்.
கொட்டினான்:
கயிறில்லாத பம்பரம்,
பாதி கடித்த கமர்கட்டு,
போன வருஷத்து அடையாள அட்டை.
ரப்பர் அவளுடைய சாக்ஸில்தான் இருந்தது,
அவளே ஒளித்து அவளே மறந்தது.
அதற்குள் நோட்டில் எழுதிவிட்டேன், நீல மையில்,
'கோபத்தைக் கையாளப் பழக வேண்டும்.'

வெள்ளி சாயங்காலம் மழை.
அக்கா வர நேரமாக
வாசலில் அவனும் நானும்.
எண்ணெய்க் கம்பெனி வாடை ஈரத்தில் கனத்திருந்தது.
யார் மேலடா கோபம் என்றேன்.

மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"எனக்கு இன்னாத்துக்கு மிஸ் கோவம்?
அல்லாரும் அந்தாண்ட பூட்டாங்க.
இத்தாண்ட ஒருத்தர்கூட இல்ல.
பாவம் மிஸ் அது."

மூன்று நாள் பயிற்சி,
டீயும் இரண்டு பிஸ்கட்டும்,
லேமினேட் செய்த சான்றிதழ்.
'பரிவு'
பதினோராவது வாரத்தில்தான் வருகிறது.

வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, நான் போட்டதுதான்:
வெறும் சாரி செல்லாது,
எதற்கென்று சொல்லணும்.
சொன்னேன்.
பையைக் கொட்டச் சொன்னதுக்கு.
எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கு.
உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எழுதினதுக்கு.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான்.
அப்புறம் இரண்டு விரலை நீட்டினான்.
பழம்.
"நேத்தே உங்ககூட காய் வுட்டேன் மிஸ்,
உங்களுக்குத்தான் தெர்ல."

திங்கட்கிழமை
மிச்ச க்ளிப்பில் ஒன்றை எடுத்து
என் பெயர் எழுதினேன்.
என் கை எங்கே போகிறதென்று
முப்பத்தொரு பேரும் பார்த்தார்கள்.
கோபத்தருகே போனது,
அழுகையருகே நின்றது,
கடைசியில்
கோண வாயில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் வெரிகுட் சொல்லவில்லை.
ஜெனிட்டா மட்டும்
எழுந்து மேசைக்கு வந்தாள்.
"எந்தப் பல்லு மிஸ்?"