சுழியத்துக்கு இடப்பக்கம்

எஞ்சின் நின்றிருக்கும்போதுதான்
முள் சுழியத்தில் நிற்கிறது.
வண்டி வாங்கிய முதல் வாரம்
இது எனக்குப் பிடிபடவில்லை.
சாவியைத் திருப்பினால் இடப்பக்கம் சரிகிறது,
கழித்தல் மூன்று.
ஏதோ குறைகிறது என்றே நினைத்தேன்.
மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்.

பெர்த்துக்குக் குடிபோன பல்மருத்துவர் விற்ற
தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஸ்கைலைன்.
இந்தக் காசுக்கு மைவி இரண்டு வாங்கலாம் என்றாள் அக்கா.
வாங்கலாம்தான்.

சின்ன வட்டம்.
இடக்கோடியில் கழித்தல் ஏழு, வலக்கோடியில் கூட்டல் ஏழு.
அடியில் எறும்பு எழுத்தில்:
நூறால் பெருக்கு, மில்லிமீட்டர் பாதரசம்.
சிரித்துவிட்டேன்.
பாதரசம் எனக்குச் சோறு போடும் சொல்.

ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில்
பன்னிரண்டு நாற்காலிகளுக்கு நடுவே
நாளெல்லாம் அதைத்தான் வாசிக்கிறேன்.
ரத்தம் இழுக்கும் குழாயில் கழித்தல் நூற்றெண்பது,
திருப்பித் தரும் குழாயில் கூட்டல் நூற்றைம்பது.
இழுக்காமல் எதைத் தருவது?

ஆக, கழித்தல் கடனில்லை. இழுப்பு.
மூடிய கதவுக்குப் பின்னால்
ஆறு பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.
சும்மா நிற்கும் வண்டிதான்
காற்றுக்கு அதிகம் ஏங்குகிறது.
சுழியமும் வெறுமையில்லை.
கடல் மேலும் என் தோள் மேலும்
பிறந்த நாள் முதல் உட்கார்ந்திருக்கும் காற்று அது,
எழுநூற்று அறுபது மில்லிமீட்டர்.
பழகிப்போனதால் கணக்கில் எடுப்பதில்லை.

சுங்கை பினாங்கில் ஊய் கியட்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
டர்போ போச்சு மிஸ்ஸி,
ஹாஃப்-கட் ஒன்று வந்திருக்கிறது, பதினெட்டாயிரம்.

நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்.
நிற்கையில் கழித்தல் ஐந்து வர வேண்டும், மூன்று வருகிறது.
அழுத்தினால் கூட்டல் ஐந்து வர வேண்டும், அங்கேயும் மூன்று.
இரண்டு பக்கமும் ஒரே அளவு சுருக்கம்.
நோயாளி இப்படி ஒழுங்காகச் சுருங்கமாட்டார்.
கருவிதான் சுருங்கும்.

ஒருமுறை மூன்றாம் நாற்காலி புவான் ரொக்கியாவுக்கு
எழுபதுக்கு நாற்பது என்று காட்டியது.
டாக்டரைக் கூப்பிடும் முன் கைப்பட்டையைத் தடவினேன்.
காற்று ஒழுகிக்கொண்டிருந்தது.
அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

எஞ்சினில் குலுக்கல் இல்லை. நாடி சீர்.
அளவுமானிக்குச் சேதி கொண்டுபோகும் ரப்பர் குழாயை மட்டும்
விரலால் நெருடிக்கொண்டே போனேன்.
பேட்டரிக்குப் பின்னால், முனையில்,
முப்பது வருட வெயில் போட்ட வெடிப்பு.
சட்டைப்பையில் கட்டு வெட்டும் கத்தரி இருந்தது.
ஓர் அங்குலம் வெட்டித் திரும்பச் செருகினேன்.
ஊய் கியட் சாவியைத் திருப்பினான்.
கழித்தல் ஐந்து.
காசு வேண்டாம் என்றான், கோபமாக.

இரவு பதினொன்று. கடைசி நோயாளியையும் அனுப்பிவிட்டுப்
பாலத்தில் பிறைப் பக்கம் போகிறேன்.
வீடு திரும்பும் திசையில் டோல் கிடையாது,
கேமரா மட்டும் உண்டு.
அதனால் ஏறும்போது நான்கு விநாடி, அவ்வளவுதான்.
முள் இடப்பக்கத்திலிருந்து எழுந்து வருகிறது.
நான்கு, இரண்டு,
சுழியத்தைத் தொடும் ஒரு கணம்
உள்ளே இருக்கும் காற்றும்
ஜன்னலுக்கு வெளியே உப்பு வீசும் காற்றும்
ஒரே காற்று.
பிறகு விசில் சத்தம்.
கூட்டல் ஐந்து. முதுகை இருக்கை வாங்கிக்கொள்கிறது.

காலை எடுத்துவிட்டேன்.
முள் சுழியத்தில் நிற்கவில்லை,
தாண்டி இடப்பக்கம் விழுந்தது.
நாளைக்குக் காலைப் பணி.
புவான் ரொக்கியாவுக்குப் புது ஊசி,
பிஸ்கட்டைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.