கம்பத்தில் பட்டது

சோஹாரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
உருக்காலைக்குப் பின்னால்
கடல் தெரியாது, வாடை மட்டும் வரும் மைதானம்.
பக்கத்துக்கு நான்கு கம்பம்:
நடுவில் இரண்டு நெட்டை, ஓரத்தில் இரண்டு குட்டை.
பந்தும் உருண்டையில்லை.
மட்டை உரிக்காத தேங்காய்.
தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று
அதற்கே தெரியாது.

காசிலிங்கம்தான் முதலில் விதியைக் கண்டுபிடித்தான்.
நெட்டைகளுக்கு நடுவே போனால் ஆறு.
தவறிப்போய் ஓரத்தில் நுழைந்தால்
அதற்கும் ஒன்று.
"தப்புக்கும் கூலி தர்றானுங்கடா" என்றான்.
அன்றைக்கே நாங்கள் ரசிகர்கள் ஆகிவிட்டோம்.

பதினோரு வருஷம்.
இந்த ஊரில் பழைய ஆட்டக்காரன் என்றால்
வயதானவன் என்று அர்த்தமில்லை,
ஒப்பந்தம் முடிந்தவன்.
போன சீசனில் அடுத்தவன் தோளில் முட்டி வைத்து
ஆகாயத்தில் பந்தைப் பறித்தவன்
இந்த சீசனில் பெர்த் பக்கம் ஏதோ சுரங்கத்தில்.
அவர்களையும் அனுப்பிவிடுகிறார்கள் என்பது
முதலில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கும்போது
பழைய அணி கூடும்.

கீரன், சிவப்புத் தாடி.
பேரைக் கேட்டதுமே நம்ம ஆள் என்று சேர்த்துக்கொண்டோம்.
நடுவரோடு வாதாடாமல் ஒருநாளும் வெளியேறியதில்லை.
பேர் ராசி, என்பார் எபினேசர்.

ஹாமிஷ், எங்களுக்குக் கிரேன்.
அவன் உதைத்த பந்து வேலி தாண்டி
ஓடும் லாரியில் விழுந்து
துபாய் போய்ச் சேர்ந்தது.
லாரி நின்றுகொண்டிருந்தது என்று நான் சொன்னால்
எபினேசர் இரண்டு நாள் பேசமாட்டார்.

டக்கி. முழுப்பேர் தெரியாது.
இடைவேளையில் ஆரஞ்சுச் சுளைகளை
வேலிக்கு இந்தப் பக்கமும் நீட்டுவான்.
அவன்தான் எல்லாரிலும் பெரிய ஆட்டக்காரன்
என்கிறான் தாவூது.
அது ஆட்டமாடா என்றால்
பின்னே, என்கிறான்.

அப்புறம் சட்டென்று பேச்சு நிற்கும்.
யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும்.

மரியசூசை. வெல்டர். பி பிளாக், மேல் கட்டில்.
ஒரு வெள்ளிக்கிழமை ஆள் குறைந்தது.
வேலிக்கு வெளியே தண்ணீர்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனை
கீரன் கையசைத்துக் கூப்பிட்டான்.
கொடுத்த ஜெர்சி முழங்கால் வரை தொங்கியது,
முதுகில் வேறு யாரோ பேர்.

ஏழு நிமிஷம் வெறுமனே ஓடினான்.
எட்டாவதில், யார் உதைத்ததோ,
பந்து நேராக அவனைத் தேடி வந்தது.
கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான்.
விசில்.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு:
அப்படிப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது.
அவன் உதைக்கும்வரை எல்லாரும் நிற்க வேண்டும்.
நின்றார்கள்.
சைட் இன்ஜினியர் நின்றார்.
சேஃப்டி மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு
அசையாமல் நின்றார்.
மரியசூசைக்கு அவசரமே இல்லை.
ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.
எங்களைத் திரும்பிப் பார்த்தான், படுபாவி.

உதைத்தான்.
டங்கென்று நெட்டைக் கம்பத்தில் பட்டது.
வெள்ளைத் தொப்பிக்காரர் கம்பத்தைத் தட்டிக் காட்டி
ஒரு விரல் நீட்டி
ஒற்றைக் கொடி அசைத்தார்.
ஒன்று.

நாற்பத்துமூன்று புள்ளியில் தோற்றோம்.
அவன் மட்டும் இல்லையென்றால் நாற்பத்துநாலு.

இப்போது ஊரில் கிரில் கேட் பட்டறை வைத்திருக்கிறான்.
போன மாதம் போனில் கேட்டான்:
"நோட்டுல என் பேர் இருக்கா?"
போய்ப் பார்த்தோம். ஜெர்சிக்காரன் பேர்தான் இருந்தது.
இருக்குடா, என்றார் எபினேசர்,
எழுத்துப்பிழையோட இருக்கு.

நேற்று காசிலிங்கத்தின் லீவு மறுபடி தள்ளிப்போனது.
டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருந்தான்,
தங்கச்சி கல்யாணம்.
ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து தாவூது எழுந்து
கட்டிலின் இரும்புக் கம்பத்தைத் தட்டினான்,
ஒரு விரல் நீட்டினான்.
காசிலிங்கம் தலையணை உறையை உருவி
அசைத்தான்.