போன வருஷத்து டிசம்பர்

ஏசுவடியான் ரெண்டு சதவீதம் கேட்டார்.
மார்த்தாண்டத்தில் ரத்தம் எடுக்கிறவள் நான்,
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே
மனசுக்குள் பெருக்கினேன்: அறுபதாயிரத்துக்கு மேல்.
வேண்டாம் என்றேன்.
'வீடும் உங்களுக்கு, வில்லங்கமும் உங்களுக்கு'
பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

திங்கள்சந்தைக்கு மேற்கே
ரப்பர் முடிந்து வாழை தொடங்குகிற வளைவில்
கேட்டில் ஒரு அட்டை, கரியால் எழுதிய போன் நம்பர்.
ஆறே கால் சென்ட், ஓட்டு வீடு, கிணறு, ஒரு அயனிக் குற்றி.

வேண்டுமென்றேதான் மழையில் போனேன்.
அடுக்களையில் மட்டும் ஒரு சொட்டு;
அதற்கு நேர் கீழே
ஏற்கெனவே இடம் தெரிந்த ஒரு சருவம்.

முன்னறையில் காலண்டர்.
நடப்பது ஆடி, தொங்கியது போன வருஷத்து டிசம்பர்.
சாயை எடுக்க சுகிர்தபாய் உள்ளே போனதும்
தூக்கிப் பார்த்தேன்.
விரல் நுழையும் வெடிப்பு
உத்தரம் வரை கிளை விட்டிருந்தது.
திரும்பினால், டம்ளர்களோடு நிற்கிறார்.
இருவரும் டிசம்பரைப் பார்த்தோம்.
'சீனி போதுமா?'
'போதும்.'

மூலப் பிரமாணம் மலையாளத்தில்,
கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
லேபில் சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு
பாறசாலைக்காரி ஷைலஜா வாசித்தாள்:
கிழக்கே அயனி மரம்,
தெற்கே தண்ணீர் கோரப் போகிறவர்களுக்கு
மூணு முழம் நடவழி.
'மரத்தைத்தான் வெட்டியாச்சே,
இனி உனக்குக் கிழக்கே இல்லை' என்று சிரித்தாள்.
சாயங்காலம் நான் முழம் போட்டு அளந்தேன்.
நடவழி இருந்தது. நடுவில் ஒரு கோழிக்கூடு.

முப்பது லட்சம் என்று சொல்ல
பஸ்ஸிலேயே பழகிக்கொண்டு போனேன்.
'முப்பது.'
'முப்பதா? பன்னிரண்டுதான் டிக்கெட்டு' என்றார் கண்டக்டர்.

அன்றைக்குப் புரிந்தது.
நடுவில் ஆள் இருந்திருந்தால்
என் தொகை அவர் வாயில் கனிந்து
அவள் காதுக்குப் போயிருக்கும்,
அவள் கோபம் வழியிலேயே ஆறி
என்னிடம் வந்திருக்கும்.
இங்கே மரச்சீனித் தோலுரிக்கும் கத்திக்கும் எனக்கும்
ரெண்டடி தூரம்.
'எவ்வளவு தருவிய?'
வாய் திறக்கும் முன்னே அவளாகச் சொன்னாள்:
'வீட்டுக்காரருக்க பாஸ்போர்ட்டு
ஷார்ஜாவுல ஒரு கடைக்காரன் கையில கெடக்கு.'
அழவில்லை. கிழங்கை நறுக்கித் தண்ணீரில் போட்டாள்.
முப்பத்திரெண்டு, என்றது என் வாய்.
அவள் கேட்டிருந்தது முப்பத்தி நாலு.
'செரி' என்றாள்,
அப்புறம்தான் கத்தியைக் கீழே வைத்தாள்.

இரணியலில் பத்திர எழுத்தர்
'புரோக்கர் யாரு?' என்றார்.
இல்லை என்றதும்
இனிமேல்தான் சண்டை வரும் என்பதுபோல்
எங்களை மாறி மாறிப் பார்த்தார்.
மை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு
அவள் சாவிக்கொத்தைத் தந்தாள்.
'இதுல ஒண்ணு எதுக்குன்னு எனக்கும் தெரியாது,
வெச்சுக்கிடுங்க.'

அந்த வாரமே போன்.
'முப்பதுக்கு முடிச்சிருப்பேன், மேடம்.
அவளுக்கு அவசரம்னு ஊருக்கே தெரியும்.'
'எனக்கும் தெரியும்.'
'தெரிஞ்சுமா?'
ஏசுவடியான் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மறுபக்கம் அவர் கணக்குப் போடுவது கேட்டது:
அறுபத்து நாலாயிரம் மிச்சம்,
ரெண்டு லட்சம் நஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை
வளைவில் அத்தான் பைக் சத்தம்.
'ஒத்தப் பொம்பளை வீடு வாங்கினா
செவுரைப் பார்த்துத்தான் வாங்குவா' என்று
அக்காவிடம் சொன்னவர்.
கொத்தனார் வர இன்னும் பத்து நாள்.
அலமாரிக்குப் பின்னாலிருந்து டிசம்பரை எடுத்தேன்.
ஆணி அங்கேயேதான் இருந்தது.

அவர் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.
'ஏன், மாசம் மாத்தல்லியா?'

'சீனி போதுமா, அத்தான்?'