வளாகத்துச் சேவல்கள்

கென்ட் ரிட்ஜ் மேட்டில், எங்கள் விடுதிக்குப் பின்னால்
காட்டுக்கோழிகள் குடியிருக்கின்றன.
யாரும் வளர்ப்பதில்லை. யாரும் விரட்டுவதில்லை.
தீனி போடாதீர்கள் என்று
நான்கு மொழிகளில் ஒரு பலகை மட்டும்.
சேர்ந்த முதல் வாரம்
அலாரம் வைக்காமலே எழுந்தேன்.

கேண்டீனில் தட்டை வைத்ததும்
கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலை குனிவேன்.
கட்டைவிரல் வெறும் திரையை மேலும் கீழும் தள்ளும்.
அதற்குள் ஸ்தோத்திரம் முடிந்துவிடும்,
ஆமென் மட்டும் தொண்டையோடு.
நான்கு நொடி.
பழகப் பழக மூன்றானது.

ஆய்வுக்கூடத்தில் என் இணை வெய் ஜியே.
பழ ஈக்களை மயக்கி, வெள்ளைத் தட்டில் பரப்பி,
தூரிகை நுனியால் பிரிப்போம்:
சிவப்புக் கண் இந்தப் பக்கம், வெள்ளைக் கண் அந்தப் பக்கம்.
கூட்டை உடைத்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள்
பெண் ஈக்களைத் தனியே எடுத்துவிட வேண்டும்.
ஈக்களுக்கு ஞாயிறு தெரியாது.

"கெசியா. பைபிள் பேருதானே?
நீ அதையெல்லாம் நெசமாவே நம்புறியா?"
நுண்ணோக்கியிலிருந்து கண் எடுக்காமல்தான் கேட்டான்.
கேலி இல்லை,
மழை வருமா என்று கேட்பது மாதிரி.
நானும் கண் எடுக்காமல் சொன்னேன்:
"வீட்ல எல்லாரும் போவாங்க. அவ்வளவுதான் லா."

லா.
அந்த ஓர் எழுத்தில்
பத்தொன்பது வருஷத்து ஞாயிறுகளை
பேருந்தில் மறந்த குடைபோல் விட்டு இறங்கினேன்.

வெளியே, மதியம் மூன்று மணிக்கு,
சேவல் கூவியது.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது,
ராத்திரி படுத்த பிறகு அது நின்றது.
பேதுருவுக்கு ஒரே ஒரு சேவல், அதுவும் விடியலில்.
எனக்கோ ஒரு கூட்டமே, நேரம் காலம் இல்லாமல்:
விரிவுரை நடுவில், பேருந்து நிறுத்தத்தில்,
நூலகக் கண்ணாடிக்கு அப்பால்.
அத்தனை சேவல் வேண்டியிருக்கும் ஆளா நான்?

பாய லேபாரில் தமிழ் ஆராதனை மாலை ஐந்துக்கு.
காலையில் ஆங்கிலம், அப்புறம் மாண்டரின்,
மிச்ச நேரம் எங்களுக்கு.
மூன்று வாரமாக ஆல்டோ வரிசையில் ஓர் இடைவெளி.
'கோயிலுக்குப் போனியா?' அம்மாவின் செய்தி.
'லேப்' என்று எழுதினேன்.
பொய்யில்லை. பொய்யில்லாத பதிலுக்குப் பின்னாலும்
ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது.

நான்காம் ஞாயிறு, அதே ஐந்து மணி.
குளிர்சாதனம் மட்டும் இரைகிறது.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
இந்நேரம் காணிக்கைப் பை வரிசை மாறும்.
சாலமோன் அங்கிள் எல்லாருக்கும் அரை அடி முந்திப் பாடுவார்.
எண்ணிக்கை தவறியது.
தூரிகை நுனியில் ஓர் ஈ, கடுகில் பாதி,
மயக்கம் தெளிந்து ஒரு காலை அசைத்தது.
"கர்த்தாவே" என்றேன், சத்தமாக.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
விண்ணப்பம் இல்லை, நன்றி இல்லை,
செருப்பைக் கழற்றும்போதே
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல்
ஒரு குரல் கொடுப்போமே, அப்படி.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

திங்கட்கிழமை. கூட்டம். கோழிச்சோறு.
(சேவல்களே, மன்னிக்க.)
கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். கண்ணை மூடினேன்.
திறந்தபோது வெய் ஜியே
சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தின் குறுக்கே வைத்துக் காத்திருந்தான்.
"முடிஞ்சுதா?"
"ம்."
"வீட்டுக்காரங்கதான் போவாங்கன்னே."
"நானும்தான். அன்னிக்குச் சொல்லல."
தோளைக் குலுக்கினான், நூடல்ஸை உறிஞ்சினான்.
"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.
ஞாயிறு சாயங்காலம் ஈயை நான் பாத்துக்கறேன்.
சனி ராத்திரி உன்னோடது."

சனி ராத்திரி என்றால் விடியும்வரை.
ஐந்தே முக்காலுக்குக் கடைசிக் குப்பியை அடைக்கையில்
மேட்டில் ஒன்று தொடங்க, மற்றவை பிடித்துக்கொண்டன.
கூவட்டும்.
படுத்தால் ஐந்து மணிக்குள் எழுவேனா, தெரியாது.
அலாரம் வைத்தேன்.
இரண்டு.