மெழுகுத் தடம்

ஜனவரி வியாழன், இரவு ஏழரை, கென்டக்கி.
பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி.
மற்ற ஊர்களில் பந்தய மண் இறுகி
கணுக்காலை முறிக்கும் கல்லாகிவிட்டது.
இங்கே தடம் உறைவதில்லை.
ஆற்று மணல், பெட்ரோலிய மெழுகு,
அரைத்த ரப்பர், யார் வீட்டிலோ கிழிந்த
கம்பளங்களின் நூல்:
அப்பன் பெயர் தெரியாத தரை.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
குதிரைமூலம் கேட்காமல்
வெர்னா வெசெல்ஸ் இரண்டு டாலர்கூட வைப்பதில்லை.

சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் ஒரு மேசை.
காபி. கட்டம் போட்ட நோட்டு.
ஆறாவது ஓட்டம், இதுவரை வெல்லாத பெட்டைகள்.
ஒன்பதாம் எண், சால்ட் லெட்டர்,
மண்ணில் மூன்று முறை ஓடி
மூன்று முறையும் கடைசிக்கு முந்தியது.
பதினான்குக்கு ஒன்று என்கிறது பலகை.

"அது குதிரையா, தபால் வண்டியா?" என்கிறார் கிளீட்டஸ்.
வெர்னா பதில் சொல்லவில்லை.
விரல் தாய்வழியில் ஏறுகிறது.
தாய்: மண்ணில் ஒரே ஓட்டம், படுதோல்வி, ஏலம்.
தாயின் தந்தை: பிரெஞ்சுப் புல்லில்
புல்லுக்கு வலிக்காமல் ஓடியவன்.
தந்தை பொலிகுதிரை: மண்ணில் அவன் பிள்ளைகள்
முப்பத்தொன்றில் இரண்டு வென்றன,
மெழுகில் பத்தொன்பதில் ஐந்து.
அந்த ஐந்தின் மேல் பென்சிலால் வட்டம்.
வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம்.

போன செவ்வாய் கிளினிக்கில் ஒரு படிவம்.
தந்தைவழியில் இதய நோய் உண்டா?
சர்க்கரை? பக்கவாதம்?
பேனாவை மூடி
அப்படியே நீட்டினாள் நர்ஸிடம்.
நர்ஸும் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பது டாலர், வெற்றிக்கு மட்டும்.
இடம், மூன்றாமிடம் எல்லாம்
நம்பிக்கை இல்லாதவர்கள் வாங்கும் காப்பீடு.

கதவு திறந்தது.
ஒன்பது தாமதம்; ஒரு கணம்
எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல் நின்றது.
எதிர்ப்பக்க விளக்குகளில்
பன்னிரண்டில் பதினோராவது.
வளைவில் ஜாக்கி வெளியே இழுத்தான்,
அங்கே அவளுடைய கால்கள்
திடீரென்று ஒரு மொழியைப் பேசத் தொடங்கின.
குளம்பொலி இல்லை, மெழுகு அதை விழுங்கிவிடும்.
மூச்சு மட்டும்.
எட்டு, ஆறு, நான்கு,
வெர்னா நாற்காலியில் இல்லை,
இரண்டு,

படம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மூன்று நிமிடம்.
வென்றது இரண்டாம் எண். ஒரு மூக்கு.
தந்தை, பாட்டன், முப்பாட்டன் எல்லாம்
மண்ணுக்கென்றே பிறந்த வேகக்காரர்கள்.
வெர்னா முதலில் அடித்துப்போட்ட பெயர் அதுதான்.
அதுவும் இரண்டு கோடு போட்டு.

"நூலைப் போல சேலை" என்ற பழமொழி
அவள் மொழியில் இல்லை.
இருந்திருந்தால் இந்த நேரத்தில்
அதைக் கெட்ட வார்த்தையாகச் சொல்லியிருப்பாள்.
சொன்னது வேறு. கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றினார்.

அப்புறம் நோட்டைத் திறந்து
பத்தொன்பதை அடித்து இருபது என்று எழுதினாள்.
ஐந்து ஐந்தாகவே இருந்தது.

வேலிக்குப் போனாள், கையுறை இல்லாமல்.
எஃப்ராயின் ஒன்பதாம் எண்ணின் முன்காலைத் தூக்கி
குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அகலக் குளம்பு, சாப்பாட்டுத் தட்டு மாதிரித் தட்டை.
பிரான்சில் செத்துப்போன ஒரு தாத்தாவின் குளம்பு.
"பார்த்தாயா," என்றாள்,
அவனிடமா குதிரையிடமா தெரியவில்லை.
"சி, செனோரா," என்றான் அவன்.
சுரண்டியது வேலிக்கு இப்பால் விழுந்தது,
சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிவப்பு நூல்.

பத்தரைக்கு விமானச் சரக்குக் கூடம்.
நகரும் பட்டையில் விடியும்வரை பெட்டிகள்.
ஏழாம் வரிசையில் அவள் நிற்கும் இடத்தில்
சிமென்டில் ஒட்டியிருந்த கட்டியை
மேலாளர் பூட்ஸ் முனையால் தட்டிப் பார்த்தான்.
"என்ன இது?"
"தெரியாது," என்றாள் வெர்னா,
"ஆனால் உறையாது."