கழுவாமல் விட்டது

தராசு ஆட்டோவில் வந்தது,
உரச் சாக்கில் சுற்றி.
படிக்கட்டில் தூக்கி வந்தவர்
கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளை இருதயநாதன்.
"முந்தாநாள்ல இருந்து கூட்டிக் காட்டுது மிஸ்,
இன்னைக்கே வேணும்."

நான்கு ஆணி கழற்றினேன்.
ஒரு கரப்பான் முட்டை, தேயிலைத் தூசி
(ஹட்டனில் எதைத் திறந்தாலும் தேயிலைத் தூசி,
போன மாதம் ஒரு சலவை மெஷினில்கூட),
பிறகு போர்ட்.
லோட்செல்லின் வயர்கள் வந்து சேரும் இடத்தில்
காய்ந்த சளி போல் மஞ்சளாய்
பிளக்ஸ்.
எந்தச் சோம்பேறி செய்த வேலை என்று
வாய்க்குள் திட்டிக்கொண்டே லென்ஸை இறக்கினேன்.

மூன்றாவது பற்று
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
அப்படிச் சாய்ப்பது என் கை.

ஏப்ரல். புத்தாண்டுக்கு இரண்டு நாள்.
கரண்ட் போய்ப் போய் வந்தது, கடைசி பஸ் ஆறு இருபதுக்கு.
'கழுவத் தேவையில்லை' என்று
பிளக்ஸ் டப்பாவிலேயே எழுதியிருந்தது.
எழுதியவர் எந்த ஊரோ,
அங்கே மத்தியானத்தில் முகில் ஜன்னலால் நுழைந்து
மேசைமேல் உட்காராது போல.

ஐந்து கிலோப் படிக்கல்லை வைத்தேன்.
5.00
போர்டின்மேல் ஒரு மூச்சு,
கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அவ்வளவுதான்.
4.91
இன்னொன்று.
4.78
பிறகு தானாக மெல்ல ஏறி
5.00, ஒன்றும் தெரியாத மாதிரி.

மூன்றாவது மூச்சுக்கு மனம் வரவில்லை.

"இதுக்கு முந்தி குறைச்சுக் காட்டிச்சா?"
"பொம்பளைங்க சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க.
மழைன்னா எப்பவும் சொல்றதுதானே மிஸ்."

ஒன்பது மாதம் குறைத்தது.
தராசு தோட்டத்தை விட்டு அசையவில்லை.
ஈரம் பக்கம் மாறினால் எண்ணும் பக்கம் மாறும்;
ஒரு நாள் கூட்டியது,
ஆட்டோ பிடித்து வந்துவிட்டது.

ஈரத்துக்கென்று கழிப்பது இரண்டு கிலோ,
சாக்குக்கென்று ஒன்று.
அதற்கும் கீழே, எந்தக் கொப்பியிலும் இல்லாமல்
என் கழிவு.
பதினெட்டு வேண்டிய இடத்தில் பதினேழே கால் என்றால்
அரைப் பேர்.
செக்ரோலில் ஒரு முழு மனுஷிக்கு நேரே
பாதிப் பேர்.

பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல்,
மயிரைக் கட்டையாக வெட்டிய டூத்பிரஷ்.
முதல் தேய்ப்பிலேயே மஞ்சள் கரைந்துவிடும்.
கரைந்தது போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பது.
போகாது.
ஸ்பிரிட் பறந்துவிடும், கரைந்தது அங்கேயே தங்கி
மெல்லிய வெள்ளைப் படலமாய்
முன்பு இல்லாத இடத்துக்கும் பரவியிருக்கும்.
போர்டைச் சரித்துப் பிடிக்கவேண்டும்.
மேலிருந்து கீழே, ஒரே ஓரத்துக்கு.
அந்த ஓரத்தில் டிஷ்யூ.
புது ஸ்பிரிட், மறுபடி,
டிஷ்யூ வெள்ளையாகவே திரும்பி வரும்வரை.
ஏழு டிஷ்யூ.
ஐசியின் கால்களுக்கு நடுவே மட்டும் கால் மணி நேரம்.
ஹெயார் டிரையர் ஆறியதும்
மூச்சு.
5.00
மூச்சு.
5.00
ஜன்னலைத் திறந்து முகிலையே உள்ளே விட்டேன்.
படிக்கல் தெரியவில்லை, எண் தெரிந்தது.
5.00

பில்லில் 'பழுது' என்ற கட்டம் இரண்டு அங்குலம்.
வழக்கமாக 'சேர்விஸ்' என்று எழுதுவேன்.
இன்றைக்குக் கட்டத்தைத் தாண்டி எழுதினேன்:
ஏப்ரல் 12 நான் பற்றவைத்த இடம் கழுவப்படவில்லை.
ஈரமான நாட்களில் குறைவாக நிறுத்திருக்கிறது,
ஐந்து கிலோவுக்கு 220 கிராம் வரை.
கூலி இல்லை.
கீழே முழுப் பெயர், குமாரவேல் தவமலர்.

இருதயநாதன் இரண்டு தரம் வாசித்தார்.
"இதெல்லாம் எதுக்கு மிஸ்.
சும்மா சேர்விஸ்னு போடுங்க, காசை எடுங்க."
தாளை நாலாக மடித்து
பையில் போடாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினார்.
படிக்கட்டுக்குக் கீழே பேக்கரியின் குப்பை வாளி இருக்கிறது.
எட்டிப் பார்க்கவில்லை.

கார்பன் பிரதி பில் புத்தகத்தில்,
நீலமாய், கொஞ்சம் மங்கல், வாசிக்கலாம்.
கீழ்ப்பிரிவுக்கு முதல் பஸ் ஐந்து ஐம்பதுக்கு.
பிரட்டு ஆறரைக்கு.
கிழிக்கும்போது
ஓரம் நேராக வரவில்லை.